மை யாரிடம் சொல்கிறது

சர்க்கரை நோயாளி உள்ள பல வீடுகளில் மருந்து டப்பாவுக்குள் ஒரு சிறு பிளாஸ்டிக் குப்பி இருக்கும். உள்ளே நெருக்கமாக அடுக்கிய ஸ்ட்ரிப்கள். ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். சுண்டுவிரலைவிட ஒடுங்கிய பிளாஸ்டிக் துண்டு. மீட்டருக்குள் செருகும் முனையில் கறுப்பாக மூன்று நான்கு கோடுகள். சில நிறுவனங்களின் ஸ்ட்ரிப்பில் அவை பொன்னிறமாக இருக்கும். மறுமுனையில் நூல் நுழையும் அளவுக்கு ஒரு வாய். ரத்தத் துளி பட்டதும் அது தானாக உறிஞ்சிக்கொள்கிறது. மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய மூடியை நகத்தால் கீறி உரித்தால், கோடுகளின் நுனியில் ஒரு சிறு திட்டு தெரியும். சர்க்கரையைத் தேடிப் பிடிக்கும் நொதி அங்கேதான் காய்ந்து கிடக்கிறது.

கறுப்புக் கோடுள்ள ஸ்ட்ரிப் பெரும்பாலும் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் பிறந்தது. கல்யாணப் பத்திரிகையும் ஜவுளிக்கடை மஞ்சப்பையும் அச்சாகும் முறைதான்: சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி, அதன்மேல் மை, ரப்பர் கட்டையால் ஒரே இழுப்பு. மையில் நிறத்தூளுக்குப் பதிலாக மின்சாரம் கடத்தும் கரித்தூள் இருக்கிறது. கோடு காய்ந்ததும் அதன்மேல் மின்சாரம் கடத்தாத மையில் இன்னோர் அச்சு. கோட்டின் எந்தப் பகுதி ரத்தத்தைத் தொட வேண்டும், எது தொடக்கூடாது என்பதை அந்த இரண்டாம் மை வரையறுக்கிறது. பிறகு நொதி கலந்த மை. கடைசியில் ஒட்டும் படலமும் மூடியும். பெரிய தாளில் நூற்றுக்கணக்கில் அச்சடித்து, வெட்டி, குப்பியில் அடைக்கிறார்கள்.

அச்சு மின்னணுவியல் என்று பேச்செடுத்தாலே சுருட்டி வைக்கும் திரை, பேசும் அட்டைப்பெட்டி, தன்னைத்தானே அறிமுகப்படுத்திக்கொள்ளும் பாட்டில் என்று வரப்போவதைப் பற்றியே பேசுகிறார்கள். வந்துவிட்டதைப் பற்றிப் பேச ஆளில்லை. ஒரு மை தான் அறிந்ததை யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற கேள்விக்கு ஸ்ட்ரிப்பிடம் ஏற்கெனவே ஒரு விடை இருக்கிறது. அதனால் அங்கிருந்து தொடங்குவதே சரி என்று நினைக்கிறேன்.

நொதியையும் மின்முனையையும் சேர்த்துச் சர்க்கரையை அளக்கலாம் என்ற யோசனையை அமெரிக்காவின் லீலண்ட் கிளார்க் 1962-இல் முன்வைத்தார். அது நோயாளியின் கைக்கு வர இருபத்தைந்து ஆண்டு பிடித்தது. இடையில், 1965-இல், ஏம்ஸ் நிறுவனம் டெக்ஸ்ட்ரோஸ்டிக்ஸ் என்ற நிறம் மாறும் பட்டையைக் கொண்டுவந்தது. பெரிய சொட்டு ரத்தம் விட்டு, ஒரு நிமிடம் காத்திருந்து, தண்ணீரில் கழுவி, நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சர்க்கரையால் கண் மங்கிப்போனவர் நீலத்தின் சாயல்களை எப்படிப் பிரித்தறிவார்? 1984-இல் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டு, ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள், நொதிக்கும் மின்முனைக்கும் இடையே எலக்ட்ரானைச் சுமந்து செல்ல ஃபெரோசீன் என்ற இரும்புச் சேர்மத்தைப் பயன்படுத்தலாம் என்று காட்டினார்கள். அதன் பயனாக 1987-இல் பேனா வடிவ எக்ஸாக்டெக் மீட்டரும் அதற்கான ஸ்ட்ரிப்பும் கடைக்கு வந்தன. நொதி சர்க்கரையிலிருந்து எலக்ட்ரானைப் பறிக்கிறது, இடைத்தரகுச் சேர்மம் அதைக் கரிக்கோட்டிடம் ஒப்படைக்கிறது, மீட்டர் அந்த மிகச் சிறிய மின்னோட்டத்தை அளந்து எண்ணாகக் காட்டுகிறது. இன்றைய ஸ்ட்ரிப் இதை ஐந்தாறு நொடியில், ஒரு மைக்ரோலிட்டரோ அதற்கும் குறைவோ ஆன ரத்தத்தில் செய்து முடிக்கிறது.

இதில் அச்சின் பொறுப்பு மிகப் பெரியது. மின்னோட்டத்தின் அளவு, ரத்தம் தொடும் கரியின் பரப்பைப் பொறுத்தது. கோடு கொஞ்சம் அகன்றால் எண் ஏறும். எண் ஏறினால் இன்சுலின் கூடும். இன்சுலின் கூடினால் ஒருவர் தூக்கத்திலேயே நினைவிழக்கலாம். அதனால்தான் 2013-ஆம் ஆண்டின் ஐ.எஸ்.ஓ. தரநிலை, 100 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள அளவுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முடிவுகளாவது ஆய்வக முடிவிலிருந்து 15 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும் என்கிறது. அச்சுத் தொழில் இதுவரை ஏற்ற பொறுப்புகளில் இதற்கு நிகரானவை குறைவு. பிழைத்திருத்தம் பார்க்க இங்கே ஆளில்லை. அச்சான நொடியிலிருந்து அது சொல்வதை நம்பித்தான் ஒருவர் ஊசி போட்டுக்கொள்கிறார்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானது. அதன் மதிப்பீட்டில் நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். புதுச்சேரியில் நூறு பேரில் 26 பேருக்கு. இத்தனை பேருக்கும் ஸ்ட்ரிப் கட்டுப்படியாவதில்லை. ஒரு ஸ்ட்ரிப் ஏறத்தாழ இருபது ரூபாய். வேளைக்கு ஒருமுறை பார்க்கச் சொல்கிறார் டாக்டர். டாக்டரிடம் போவதற்கு முதல்நாள் மட்டும் பார்க்கிறார் பாட்டி. மீதியைப் பேரன் ஊரிலிருந்து வரும்வரை பத்திரப்படுத்துகிறார். குப்பியின் மூடி சரியாக மூடாமல் ஈரக்காற்று புகுந்தாலே நொதி கெட்டுவிடும் என்பதோ, ஸ்ட்ரிப்புக்கும் காலாவதித் தேதி உண்டு என்பதோ அவரிடம் யாரும் சொன்னதில்லை.

விலைக்கு ஒரு காரணம், மீட்டருக்கும் ஸ்ட்ரிப்புக்கும் போட்ட முடிச்சு. மீட்டரை மலிவாகவோ இலவசமாகவோ கொடுத்துவிட்டு, அதில் மட்டும் பொருந்தும் ஸ்ட்ரிப்பில் காலமெல்லாம் சம்பாதிப்பது இந்தத் தொழிலின் வழக்கம். அந்த முடிச்சு அமெரிக்காவில் ஒருமுறை நீதிமன்றம் வரை போனது. லைஃப்ஸ்கேன் நிறுவனத்தின் மீட்டரில் வேலை செய்யும் ஸ்ட்ரிப்பை ஷாஸ்டா என்ற சிறு நிறுவனம் குறைந்த விலைக்கு விற்க வந்தபோது, காப்புரிமையைக் காட்டித் தடுக்கப் பார்த்தார்கள். தங்கள் மீட்டர்களில் அறுபது சதவீதத்தை இலவசமாகக் கொடுத்ததாகச் சொன்னதும் லைஃப்ஸ்கேன்தான். விற்காத பொருளில் காப்புரிமை எப்படித் தீரும் என்பது அவர்கள் வாதம். 2013 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும், கைமாற்றிக் கொடுத்த பொருளில் உங்கள் பிடி அத்தோடு முடிந்தது என்று தீர்ப்பு வந்தது. நோயாளியின் பக்கம் நின்ற தீர்ப்பு அது. ஆனால் மீட்டரின் வாயையும் கோடுகளின் இடைவெளியையும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாற்றி அச்சிடுவதை எந்தத் தீர்ப்பும் நிறுத்தவில்லை.

இத்தனை குறைகளோடும் ஸ்ட்ரிப்பை நான் மதிக்கிறேன். அது அறிந்ததை முதலில் அறிவது ரத்தம் கொடுத்தவர். சில மீட்டர்கள் இப்போது போன் வழியாக வேறிடத்துக்கும் எண்ணை அனுப்புகின்றன. ஆனாலும் முதல் சேதி கையில் இருக்கும் திரைக்கே வருகிறது, படிக்கத் தெரிந்த எவரும் படித்துக்கொள்ளலாம்.

இதே குடும்பத்தின் இன்னொரு கிளை கடை அலமாரியை நோக்கி வளர்ந்தது. தொடக்கத்தில் அதுவும் வாங்குபவரின் பக்கமே நின்றது. 1990-களில் டியூராசெல் பேட்டரியின் உடம்பிலேயே ஒரு சோதனைப் பட்டை வந்தது. இரண்டு புள்ளிகளை விரலால் அழுத்தினால், அச்சிட்ட கடத்திப் பட்டை வழியாக மின்சாரம் ஓடும். ஒரு முனையில் ஒடுங்கிய பட்டை அது. ஒடுங்கிய இடம் முதலில் சூடேறும். சூட்டில் நிறம் மாறும் மை, எவ்வளவு மிச்சம் என்று காட்டும். சில்லு இல்லை, திரை இல்லை. கடத்தும் மையையும் நிறம் மாறும் மையையும் கொண்டு இவ்வளவு நேர்மையான ஒரு பதிலைச் சொல்ல முடிந்திருக்கிறது. இன்னும் பாதி உயிருள்ள பேட்டரியைத் தூக்கி எறிவது அதனால் கொஞ்சமாவது குறைந்திருக்கும்.

2008 அக்டோபரில் அமெரிக்காவின் எஸ்குயர் பத்திரிகை தன் 75-ஆம் ஆண்டு இதழின் அட்டையில் ஒரு மின்தாள் திரையைப் பதித்தது. கடைக்குப் போன பிரதிகளில் ஒரு லட்சத்தில் அந்த அட்டை இருந்தது. எழுத்துகள் மின்னி மின்னி மறைந்தன. உள்ளட்டையில் ஃபோர்டு காரின் விளம்பரமும் அப்படியே. பேட்டரி சுமார் தொண்ணூறு நாள் தாங்கும். அதற்குள் தீர்ந்துவிடக்கூடாது என்று குளிரூட்டிய லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். பழத்துக்கும் மீனுக்கும் ஓட வேண்டிய குளிர் லாரி, ஒரு பத்திரிகை அட்டையின் மினுக்கலுக்காக ஓடியது. இரண்டாண்டு கழித்து, 2010 செப்டம்பரில், நம் ஊர்க் காலைப் பேப்பரும் பேசியது. ஃபோக்ஸ்வாகன் கார் விளம்பரத்துக்காக டைம்ஸ் ஆஃப் இந்தியா, தி இந்து நாளிதழ்களின் பக்கத்தில் ஒரு சிறு கறுப்புப் பெட்டியை ஒட்டியிருந்தார்கள். பக்கத்தைப் பிரித்ததும் வெளிச்சம் பட்டுக் குரல் எழுந்தது. மறுநாள் அந்தப் பேப்பர் வழக்கம்போல் பழைய பேப்பர் கட்டுக்குப் போயிருக்கும். உள்ளே பேட்டரி, சில்லு, ஒலிபெருக்கி. காகித ஆலையின் கூழ்த் தொட்டிக்குப் போகுமுன் அதைப் பிய்த்தெடுத்தவர் யார் என்று விளம்பரத்துறையின் எந்த விருது விழாவிலும் கேட்டதாகத் தெரியவில்லை.

பிறகு பாட்டில் வந்தது. நார்வேயின் தின்ஃபிலிம் நிறுவனமும் டியாஜியோ மதுபான நிறுவனமும் சேர்ந்து 2015-இல் ஜானி வாக்கர் புளூ லேபிள் பாட்டிலின் கழுத்தில் ஒரு சீட்டு ஒட்டிக் காட்டினார்கள். போனை அருகே கொண்டுபோனால் என்.எஃப்.சி. முறையில் அது பேசும். மூடி இன்னும் முத்திரையோடு இருக்கிறதா, திறந்தாகிவிட்டதா என்பதை அச்சிட்ட உணரியால் சொல்லும். பாட்டில் எங்கே நகர்கிறது என்று நிறுவனம் வழிநெடுகப் பின்தொடரலாம். வாங்கியவர் திறந்ததும் அவர் போனுக்கு வேறொரு செய்தி போகும்: இதை எப்படிப் பருகுவது, அடுத்து என்ன வாங்குவது.

போலிச் சரக்கைக் கண்டுபிடிக்க இது உதவும் என்றார்கள். உதவும்தான், அதை நான் மறுக்கவில்லை. கள்ளச்சாராயமும் கலப்பட மருந்தும் எத்தனை உயிரைக் குடித்திருக்கின்றன என்று தெரிந்தவர்கள் நாம். இந்தியாவில் 2023 ஆகஸ்ட் முதல் முந்நூறு மருந்துப் பெயர்களின் உறையில் பார்கோடோ க்யூஆர் கோடோ கட்டாயமானது அந்தக் கவலையால்தான். எனக்கு உறுத்துவது சேதியின் பாதை. பாட்டிலைக் கையில் வைத்திருப்பவர் அதைப் பார்த்து எதையும் அறிந்துகொள்ள முடியாது. போன் கேட்கிறது, சீட்டு சொல்கிறது, சேதி நிறுவனத்தின் கணினிக்குப் போகிறது. அங்கிருந்து எது திரும்பி வரலாம் என்று நிறுவனம் முடிவு செய்கிறது. எந்த ஊரில், எந்த வேளையில் ஒரு வீட்டில் பாட்டில் திறந்தது என்பது விற்பவருக்குத் தெரியும். குடிப்பவரின் குடும்பத்துக்குப் பயன்படும் எதையும் அந்த மை சொல்லவில்லை.

தின்ஃபிலிம் பின்னர் இந்தச் சீட்டு வியாபாரத்தையே கைவிட்டுச் சிறு பேட்டரி செய்யும் பக்கம் திரும்பி, 2021-இல் என்சர்ஜ் என்று பெயரும் மாற்றிக்கொண்டது. அந்த நிறுவனம் தோற்றதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை. நல்ல விஞ்ஞானம் அங்கே இருந்தது. மெல்லிய படலத்தில் நினைவகத்தை அச்சிட்டவர்கள் அவர்கள். அந்தத் திறமை ஒரு மதுப் பாட்டிலின் கழுத்தில் போய் நின்றதுதான் வருத்தம்.

மலிவாக அச்சிட முடிந்ததால் எறிந்துவிடவும் முடிகிறது. இந்தத் தொழிலின் லாபமும் கேடும் அந்த ஒரே இடத்தில் இருக்கின்றன. ஐ.நா. அமைப்புகளின் 2024-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, 2022-இல் உலகம் கழித்துப்போட்ட மின்னணுக் குப்பை 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சிக்குப் போனதாகப் பதிவானது 22.3 சதவீதம் மட்டும். போனும் டிவியும் எடை உள்ள பொருள்கள். காயலாங்கடைக்காரர் தேடி வந்து வாங்கிப்போவார். மிட்டாய் உறையில் ஒட்டிய வெள்ளி மைக்கோட்டை யார் தேடி வருவார்? அதில் உள்ள வெள்ளியைத் திரும்ப எடுக்க ஆகும் செலவு, அந்த வெள்ளியின் விலையைவிடக் கூடுதல். சுரங்கத்திலிருந்து வந்தது குப்பைமேட்டில் சிதறிப்போகிறது.

ஸ்ட்ரிப்புக்கும் இந்தக் குற்றத்தில் பங்குண்டு. ரத்தம் தோய்ந்த ஸ்ட்ரிப்பையும் விரல் குத்தும் ஊசியையும் நம் வீடுகளில் சமையலறைக் குப்பையோடு கட்டிப் போடுகிறோம். 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் வீட்டில் பயன்படுத்திய ஊசியை அபாயக் கழிவு என்று தனியாகப் பிரிக்கச் சொல்லிவிட்டன. ஆனாலும் கையுறை இல்லாமல் பையைப் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் விரலில்தான் அந்த ஊசி ஏறுகிறது. மூடியுள்ள கெட்டியான ஒரு டப்பாவை ஸ்ட்ரிப் விற்கும் கடையே கொடுத்து, நிறைந்ததும் திரும்ப வாங்கிக்கொண்டால் போதும். மீட்டரையே இலவசமாகக் கொடுக்க முடிந்தவர்களுக்கு ஒரு டப்பா பாரமாக இருக்காது.

மின்சாரமே இல்லாமல் யோசிக்கும் ஓர் அச்சும் உண்டு. போலியோ சொட்டு மருந்துக் குப்பியின் லேபிளைப் பார்த்திருப்பீர்கள். ஊதா வட்டம், அதற்குள் வெளிறிய சிறு சதுரம். சதுரத்தில் உள்ள வேதிப்பொருள் சூட்டில் மெல்ல மெல்லக் கருக்கும். ஒருமுறை கருத்தால் மீண்டும் வெளுக்காது. எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்ற இரண்டையும் அது சேர்த்தே கணக்கு வைக்கிறது. போலியோ குப்பியில் உள்ள வகை, 37 டிகிரி செல்சியஸில் இரண்டு நாளில் முழுதாகக் கருத்துவிடும். சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருக்கும்வரை போடலாம். நிறம் ஒன்றாகிவிட்டால் அந்தக் குப்பியை ஒதுக்கிவிட வேண்டும். 1996-இல் போலியோ மருந்தோடு இது வந்தது. ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மலைக்கிராமத்துக்கு நடக்கும் கிராம சுகாதாரச் செவிலியர், யாரையும் கேட்காமல், சிக்னல் தேடாமல், குப்பியைத் திருப்பிப் பார்த்து முடிவெடுக்கிறார். 2014 மார்ச்சில் இந்தியாவுக்குப் போலியோ இல்லா நாடு என்ற சான்று கிடைத்ததில் இந்தச் சதுரத்துக்கும் ஒரு பங்குண்டு.

இந்தத் துறையின் கெட்டிக்காரர்கள் இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கிறார்கள். 2021 ஜூலையில் ஆர்ம் நிறுவனமும் கேம்பிரிட்ஜின் பிராக்மாட்டிக்கும் சேர்ந்து, வளையும் பிளாஸ்டிக்கின் மேல் ஒரு முழு 32 பிட் செயலியை உருவாக்கியதாக நேச்சர் இதழில் எழுதினார்கள். அதில் 18,334 தர்க்க வாயில்கள். மையால் அச்சிட்டதல்ல, உலோக ஆக்சைடுப் படலத்தைப் பிளாஸ்டிக்கில் படியவைத்துச் செதுக்கியது. ஆனாலும் அது போய்ச் சேரப்போகும் இடம் பால் பாக்கெட்டும் காய்கறி உறையும்தான் என்று அவர்களே சொல்கிறார்கள். அந்தப் பால் பாக்கெட் தன் பால் கெட்டுவிட்டதை யாரிடம் சொல்லும்? காலையில் அதைக் கத்தரிக்கும் அம்மாவிடமா, கடைக்காரரிடமா, நகரத்தில் எங்கோ உள்ள ஒரு கணினியிடமா? வடிவமைப்பாளரின் மேசையிலேயே இது முடிவாகிவிடுகிறது. ஆகவே கேட்பவர்கள் இப்போதே கேட்டாக வேண்டும்.

என்னிடம் யாராவது எதை அச்சிட வேண்டும் என்று கேட்டால், இன்சுலின் குப்பியைக் காட்டுவேன். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்து மொத்த வியாபாரி, அங்கிருந்து சிறு மருந்துக்கடை, அங்கிருந்து ஒருவரின் துணிப்பை என்று அது வெயிலில் பயணம் செய்கிறது. திருத்தணியிலும் வேலூரிலும் மே மாதம் 42 டிகிரி போகும். மின்வெட்டு வந்தால் கடையின் ஃபிரிட்ஜ் எத்தனை மணி நேரம் அணைந்திருந்தது என்று வாங்குபவருக்குத் தெரியாது. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் மண்பானைக்குள் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். கெட்டுப்போன இன்சுலின் பெரும்பாலும் பார்வைக்கு நல்ல இன்சுலின்போலவே இருக்கும். ஊசி போட்ட பின்னும் மீட்டரில் எண் ஏறினால், நோயாளி தன் சாப்பாட்டைக் குறை சொல்கிறார், டாக்டர் அளவைக் கூட்டுகிறார். மருந்தின்மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

நம் மருந்துக்கடையில் நான் பார்த்த எந்த இன்சுலின் பெட்டியிலும் அந்தச் சதுரம் இல்லை. விலை விவரம் இருக்கிறது, க்யூஆர் கோடு கூட இருக்கலாம். பட்ட சூட்டைச் சொல்ல ஒன்றுமில்லை. சதுரத்துக்கு ஒரு குறையும் உண்டு: சூட்டைச் சொல்லும், உறைந்துபோனதைச் சொல்லாது. ஃபிரிட்ஜின் குளிர்ப்பக்கத்தில் ஒட்டிவைத்து உறைந்த இன்சுலினும் வீண்தான். சூட்டையும் உறைவையும் ஒருசேரப் பதிந்து, போன் இல்லாத கைக்கும் சிவப்பு பச்சையாகக் காட்டும் ஒரு சீட்டு வேண்டும். மெல்லிய பேட்டரி, அச்சிட்ட உணரி, வளையும் சில்லு என்று இத்தனை ஆண்டு உழைத்துச் செய்த எல்லாவற்றுக்கும் இங்கே வேலை இருக்கிறது. கடைக்காரர் கொடுக்கும்போதே அதைப் பார்த்து வாங்க வேண்டும்; சிவப்பாக இருந்தால் காசில்லாமல் மாற்றித்தர வேண்டும் என்று சட்டமும் சொல்ல வேண்டும். முந்நூறு மருந்துப் பெயர்களுக்குப் பார்கோடோ க்யூஆர் கோடோ கட்டாயம் என்று ஆணையிட்ட அரசால், அரசு மருத்துவமனைகளுக்கு மொத்தமாக இன்சுலின் வாங்கும் டெண்டரில் இந்த ஒரு வரியைச் சேர்க்க முடியாதா?